எக்ஸ்ரே மிஷினுக்கு ஏ.இ.ஆர்.பி. அனுமதி: டீலரிடம் போகுமுன் ரூமைப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது: சிறிய ஊரில் பத்துப் படுக்கை மருத்துவமனை. தரைத்தளத்தில் ஒரு ரூமை ஒதுக்கி எக்ஸ்ரே மிஷின் போட நினைக்கிறார்கள். "மிஷின் வந்து இறங்கட்டும் சார், லைசென்ஸெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்" என்கிறார் டீலர். ஏ.இ.ஆர்.பி. என்பது கூடங்குளம், கல்பாக்கம் போன்ற இடங்களுக்கான அமைப்புதானே, நமக்கும் அது தேவையா? மாடியில் குடியிருப்பவர்கள் கதிர்வீச்சு என்று பயப்படுகிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது?

தேவை. மிஷினை ஓட்டத் தொடங்குவதற்கு முன்பே தேவை. டீலர் சொல்கிற வரிசை தலைகீழானது. ரூம், மிஷின், ஆள், டெஸ்ட், அதன் பிறகு அனுமதி என்பதுதான் சரியான வரிசை. இதை மாற்றினால் கட்டிய சுவரை இடிக்கவோ, வாங்கிய மிஷினை மாதக்கணக்கில் உறை போட்டு வைக்கவோ நேரும்.

முதலில் வாரியத்தைப் பற்றி. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏ.இ.ஆர்.பி., 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ் 1983 நவம்பர் 15 அன்று அமைக்கப்பட்டது. தலைமையகம் மும்பை அணுசக்தி நகரில் உள்ள நியாமக் பவன். தென் மாநிலங்களுக்கான மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. கல்பாக்கத்தில் வாரியத்தின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அணு உலை என்றால் இடத் தேர்வு, கட்டுமானம், எரிபொருள் நிரப்புதல், முதல் தொடர்வினை, மின் உற்பத்தியைப் படிப்படியாக உயர்த்துதல் என்று கட்டம் கட்டமாக அனுமதி கொடுப்பார்கள். கூடங்குளத்தைப் பற்றிய செய்திகளில் நாம் படித்தது இதைத்தான். ஆனால் எண்ணிக்கையில் பார்த்தால் வாரியத்தின் மேற்பார்வையில் இருப்பவை பெரும்பாலும் உலைகள் அல்ல. எக்ஸ்ரே, சி.டி., இதய ரத்தக்குழாய்களைப் பார்க்கும் கேத் லேப், புற்றுநோய் சிகிச்சைக் கருவிகள், நியூக்ளியர் மெடிசின், வெல்டிங் சோதிக்கும் தொழிற்சாலை ரேடியோகிராபி, சிமென்ட் ஆலைகளில் அளவு பார்க்கும் கேஜ்கள், மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் வரும் மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் வரைக்கும் அதன் எல்லை நீள்கிறது.

மருத்துவமனைகளைக் கட்டுப்படுத்துவது 2004-ஆம் ஆண்டு அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள். அபாயத்தின் அளவைப் பொறுத்து அனுமதியின் பெயரும் கடுமையும் மாறும். சி.டி. ஸ்கேன், கேத் லேப் என்றால் லைசென்ஸ். உங்களுடையது போன்ற சாதாரண எக்ஸ்ரே, மொபைல் எக்ஸ்ரே, மேமோகிராபி, பல் எக்ஸ்ரே, தாடை முழுவதையும் எடுக்கும் ஓ.பி.ஜி. ஆகியவற்றுக்கு ரெஜிஸ்ட்ரேஷன். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் லைசென்ஸ் என்றே சொல்கிறோம், பரவாயில்லை. அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் இந்த வாரியத்தின் கீழ் வராது, ஏனென்றால் அவற்றில் அயனியாக்கும் கதிர் இல்லை. அல்ட்ராசவுண்டுக்குக் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு வேண்டும். மருத்துவமனைக்கான மாநில அரசுப் பதிவும் வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றிலிருந்து தப்ப முடியாது.

இனி ரூம். பிற்பாடு திருத்த அதிகம் செலவாவது இதற்குத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாரியத்தின் 2001 விதிக்கோவை பொது எக்ஸ்ரே ரூமுக்கு 18 சதுர மீட்டருக்குக் குறையாத பரப்பும், சி.டி.க்கு 25 சதுர மீட்டரும் கேட்டது. 2016-இல் விதிக்கோவை திருத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் திட்டமிடும்போது அந்த அளவை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பத்துக்குப் பத்து ரூமில் டேபிள், செஸ்ட் ஸ்டாண்ட், கன்ட்ரோல், ஸ்ட்ரெச்சர் திரும்பும் இடம் எல்லாம் அடங்காது. அடைத்து வைத்தால் டெக்னீஷியன், கதிர் கிளம்பும் டியூபுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிவரும். தூரம் இரட்டித்தால் கதிரின் அளவு கால்பங்காகும். காசு செலவில்லாமல் கிடைக்கிற பாதுகாப்பு அதுதான், ரூம் சிறுத்தால் முதலில் பறிபோவதும் அதுதான்.

சுவருக்கு நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் கணக்கு இது: நேர்க்கதிர் (டியூபிலிருந்து நேராக வருவது) விழும் சுவர் 35 செ.மீ. செங்கல், சிதறிய கதிர் (நோயாளியின் உடலில் பட்டுத் தெறிப்பது) மட்டும் விழும் சுவர்கள் 23 செ.மீ. செங்கல், அதாவது நம் ஊர் ஒன்பது இஞ்ச் சுவர். கதவு, ஜன்னல் உள்ள இடத்தில் 23 செ.மீ. செங்கலுக்குச் சமமாக 1.7 மி.மீ. ஈயம். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விடும் திறப்புகள் வெளிப்புறத் தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேலே இருக்க வேண்டும்.

தவறு நடப்பது இந்த எண்களில் அல்ல, 'செங்கல்' என்ற சொல்லில். இன்று பல புதுக் கட்டடங்களில் இலேசான ஏ.ஏ.சி. பிளாக்தான். பார்க்க ஒன்பது இஞ்ச் இருக்கும். ஆனால் அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 600 கிலோ அளவில்தான். செங்கல் சுவர் அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனமானது. கதிரைத் தடுப்பது கனம், அகலம் அல்ல. எனவே ஒன்பது இஞ்ச் ஏ.ஏ.சி. சுவரை மூன்று இஞ்ச் செங்கல் சுவராக எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. ஹாலோ பிளாக்கும் அப்படித்தான், நடுவில் வெற்றிடம். ஜிப்சம் தடுப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். கட்டடம் எதில் கட்டியது என்று தெரியாவிட்டால் ஸ்விட்ச் போர்டு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே சிவப்பா வெள்ளையா என்று தெரிந்துவிடும்.

அந்த ஸ்விட்ச் போர்டே ஒரு பிரச்சினை. ஒன்பது இஞ்ச் சுவரில் மெட்டல் பாக்ஸ் புதைத்தால் அந்த இடத்தில் சுவர் மெலிந்துவிடும். இரண்டு பக்கமும் எதிரெதிரே புதைத்தால் இன்னும் மெலியும். ஏ.சி. பைப் போகும் ஓட்டை, பழைய டார்க் ரூமுக்கு பிலிம் கொடுக்கும் பாஸ் பாக்ஸ், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எழுப்பாமல் விட்ட சுவர் ஆகியவற்றையும் பாருங்கள்.

கதவில் ஈயத் தகடு அடிப்பவர் பெரும்பாலும் தச்சர்தான், கதிரைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பலகையின் ஓரம் வரை தகடு போகாது. நிலையில் தகடே இருக்காது. கதவுக்கும் நிலைக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருக்கும். கதவின் தகடும் நிலையின் தகடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும். இரண்டு தகடுகள் சேரும் இடத்திலும் ஒட்டிவைக்காமல் மேலேற்ற வேண்டும். ஈயம் மென்மையான உலோகம். நாலு ஆணியில் தொங்கவிட்டால் இரண்டு வருடத்தில் சரிந்து, மேலே ஒரு கோடு திறந்துகொள்ளும். பிளைவுட் இரண்டுக்கு நடுவில் வைத்து அழுத்தி ஒட்டுவதே சரி.

செஸ்ட் ஸ்டாண்ட் எந்தச் சுவரில் என்பதை லேஅவுட் வரையும்போதே முடிவு செய்யுங்கள். மார்பு எக்ஸ்ரேயில் நேர்க்கதிர் அந்தச் சுவரை நோக்கித்தான் போகும். கதவு, கன்ட்ரோல் பக்கம், நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்ச் இருக்கும் சுவர் எதுவும் அதற்கு ஆகாது. ஆள் நடமாட்டமில்லாத வெளிச்சுவர் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோல் பேனல் விஷயத்தில் 125 கே.வி. (கிலோவோல்ட், டியூபுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம்) என்பது எல்லைக் கோடு. 125-ஐத் தொடும் அல்லது தாண்டும் மிஷினுக்கு எக்ஸ்ரே ரூமை ஒட்டித் தனிக் கன்ட்ரோல் ரூம், ஈயக் கண்ணாடி ஜன்னல், நோயாளியைப் பார்க்கவும் பேசவும் வசதி எல்லாம் வேண்டும். அதற்குக் கீழே என்றால் ரூமுக்குள்ளேயே, டியூபிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி, 1.5 மி.மீ. ஈயத்துக்குச் சமமான தடுப்புக்குப் பின்னால் நின்று எக்ஸ்போஷர் கொடுக்கலாம். "நாங்க 80-க்கு மேல வைக்கவே மாட்டோம்" என்ற பேச்சை நம்பி லேஅவுட் போடாதீர்கள், மிஷினின் அதிகபட்சத் திறன் என்ன என்பதை டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு பிறகு முடிவு செய்யுங்கள். நிலையான மிஷின்களில் இப்போது பல 125-ஐத் தொடுபவையே.

மிஷின் வாங்கும்போது மூன்று கேள்விகள். இந்த மாடலுக்கு வாரியத்தின் டைப் அப்ரூவல், அதாவது மாடலுக்கான ஒப்புதல் இருக்கிறதா? விற்பவர் வாரியத்தின் அனுமதி பெற்ற சப்ளையரா? விற்பனையை இ-லோராவில் ஏற்றித் தருவாரா? இ-லோரா என்பது வாரியத்தின் இணைய வாயில். விண்ணப்பம், அனுமதி, புதுப்பித்தல் எல்லாம் அதன் வழியாகத்தான். மூன்றுக்கும் ஆம் என்று எழுத்தில் வராவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள். விலை குறைவு என்று டைப் அப்ரூவல் இல்லாத கையடக்கப் பல் எக்ஸ்ரேயை ஆன்லைனில் வாங்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அதைப் பிறகு எந்த வழியிலும் பதிவு செய்ய முடியாது. பழைய மிஷின் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். விற்கும் மருத்துவமனையின் கணக்கில் அது பதிவாகியிருக்க வேண்டும், அந்தக் கணக்கிலிருந்து முறைப்படி விடுபடவும் வேண்டும். யார் கணக்கிலும் இல்லாத மிஷினை உங்கள் கணக்கில் ஏற்ற முயல்வது வீண் அலைச்சல்.

இ-லோராவில் முதல் வேலை நிறுவனத்தைப் பதிவு செய்வது. மருத்துவமனையின் பான் எண், முகவரிச் சான்று, பொறுப்பாளரின் அடையாளச் சான்று தேவைப்படும். விதிகளின் மொழியில் அந்தப் பொறுப்பாளர்தான் 'எம்ப்ளாயர்', சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் அவரே. இங்கே ஒரு எச்சரிக்கை. கணக்கைத் தொடங்கித் தருகிறேன் என்று டீலரின் ஆளோ ஏஜென்டோ தன் செல் நம்பரையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார். ஐந்து வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போது அவர் எங்கே இருப்பாரென்று யாருக்கும் தெரியாது, பாஸ்வேர்டும் அவரோடு போயிருக்கும். மருத்துவமனையின் சொந்த மின்னஞ்சலையே கொடுங்கள். பெயரும் முகவரியும் பான் அட்டையில், கட்டட ஆவணத்தில், டீலர் பில்லில், டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஒரே மாதிரி இருக்கட்டும். 'ஹாஸ்பிடல்' ஒரு தாளிலும் 'நர்சிங் ஹோம்' இன்னொன்றிலும் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும்.

அடுத்து ஆள். மிஷினை இயக்குபவர் அங்கீகரிக்கப்பட்ட ரேடியோகிராபி படிப்பு முடித்தவராக இருக்க வேண்டும். வார்டு பாய்க்கு இரண்டு பட்டன் சொல்லிக்கொடுத்து ஓட்டுவது பல இடங்களில் நடக்கிறது. விதிமீறல் என்பது ஒருபுறமிருக்க, அவர் எடுக்கும் படங்களில் பலவற்றைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் நோயாளிக்கு இன்னொரு டோஸ். தவிர, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, அதாவது ஆர்.எஸ்.ஓ. ஒருவர் வேண்டும். தகுதியுள்ள உங்கள் ரேடியாலஜிஸ்டோ டெக்னீஷியனோ வாரியத்தின் ஒப்புதலோடு அந்தப் பொறுப்பை ஏற்கலாம். வேலையை விட்டு அவர் போனால் பதவியைக் காலியாகப் போட்டு வைக்காதீர்கள்.

ஊழியர் உடையில் அணியும் டி.எல்.டி. பேட்ஜ், அவர் வாங்கும் கதிருக்கான டோஸ் கணக்குப் புத்தகம் மாதிரி. உள்ளே கால்சியம் சல்பேட் கலந்த மூன்று சிறு வட்டுகள் இருக்கும். ஒன்றின் மேல் உலோக வடிகட்டி, ஒன்றின் மேல் பிளாஸ்டிக், ஒன்று திறந்தபடி. எந்த வகைக் கதிர், எந்த ஆற்றல் என்பதை மூன்றின் வித்தியாசத்தைக் கொண்டு ஆய்வகம் கணிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி மாற்ற வேண்டும். மார்பு உயரத்தில், லெட் ஏப்ரன் (ஈயக் கவசம்) போட்டால் அதற்கு உள்ளே அணிய வேண்டும். கூட வரும் கன்ட்ரோல் பேட்ஜைக் கதிரே இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். பல இடங்களில் இரண்டையும் சேர்த்து எக்ஸ்ரே ரூம் மேசை டிராயரில் போட்டுவிடுகிறார்கள். அப்போது ஒப்பிட எதுவுமில்லாமல் போகும். இன்னொரு வழக்கமான தவறு, டூட்டி முடிந்ததும் பேட்ஜைக் கழற்றாமல் ஏப்ரனோடு சேர்த்து எக்ஸ்ரே ரூமுக்குள்ளேயே மாட்டுவது. ஆள் வீட்டில் இருப்பார், பேட்ஜ் டோஸ் வாங்கிக்கொண்டிருக்கும். பிறகு அதிக டோஸ் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஒருவருக்குக் கொடுக்கும் பேட்ஜ் எண் வாழ்நாள் முழுவதற்கும் அவருடையது. புதிதாகச் சேருபவரிடம் பழைய எண்ணைக் கேட்டு வாங்குங்கள், புது எண்ணுக்கு விண்ணப்பிக்காதீர்கள்.

வரம்புகள்: கதிர்வீச்சுப் பணியாளருக்குத் தொடர்ச்சியான ஐந்து ஆண்டுகளில் 100 மில்லி சீவர்ட் (உடல் வாங்கும் டோஸின் அலகு), அதாவது சராசரியாக ஆண்டுக்கு 20, எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பல நாடுகள் ஓராண்டு உச்சமாக 50 வரை விடுகின்றன, இந்திய வாரியம் இதில் கறார். பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லி சீவர்ட். பெண் டெக்னீஷியன் கருவுற்றதைத் தெரிவித்த பிறகு, மீதிக் காலத்தில் கருவுக்கு 1 மில்லி சீவர்ட்டைத் தாண்டாதபடி வேலையை மாற்றித்தர வேண்டும்.

மிஷின் பொருத்தியாயிற்று. உடனே நோயாளியைப் படுக்க வைக்கக் கூடாது. முதலில் மிஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் கியூ.ஏ. டெஸ்ட், அதோடு ரூமுக்கு வெளியே எவ்வளவு கதிர் வருகிறது என்று அளக்கும் கதிர்வீச்சு சர்வே. வாரியம் அங்கீகரித்த சேவையாளர்கள் செய்து தருவார்கள். ரிப்போர்ட்டை வாங்கிக் கோப்பில் வைத்துவிடாமல் நாமே படித்துப் பார்க்கச் சில எண்கள். 80 கே.வி. வைத்தால் உண்மையில் 75-க்கும் 85-க்கும் இடையில் வர வேண்டும். அரை செகண்ட் வைத்தால் 0.45-க்கும் 0.55-க்கும் இடையில். கதிர் எங்கே விழும் என்று காட்டும் வெளிச்சக் கட்டமும் உண்மையில் கதிர் விழும் கட்டமும் 100 செ.மீ. தூரத்தில் 2 செ.மீ.க்கு மேல் விலகக் கூடாது. டியூப் உறையிலிருந்து கசிவது 1 மீட்டர் தூரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1 மில்லி கிரேயை (இதுவும் டோஸ் அலகுதான்) தாண்டக் கூடாது. 70 முதல் 100 கே.வி. வரை மொத்த வடிகட்டல் 2 மி.மீ. அலுமினியத்துக்குக் குறையக் கூடாது, 100-க்கு மேல் 2.5 மி.மீ. இந்த வடிகட்டியை 'படம் வெளிச்சமா வரட்டும்' என்று கழற்றி வைக்கும் சர்வீஸ் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். படத்துக்கு உதவாத மென்கதிர் எல்லாம் அப்போது நோயாளியின் தோலில் போய் நிற்கும்.

சிறிய ஊர்களில் கே.வி. டெஸ்ட் தோற்க மிஷின் காரணமாக இல்லாமல் மின்சாரம் காரணமாக இருப்பதுண்டு. எக்ஸ்போஷர் கொடுக்கும் அந்தக் கணத்தில் மிஷின் பெரிய கரன்ட் இழுக்கும். மீட்டரிலிருந்து நீளமாக, மெல்லிய ஒயரில் லைன் வந்தாலோ, லிஃப்டும் ஏ.சி.யும் அதே லைனில் இருந்தாலோ மின்னழுத்தம் இறங்கும், கே.வி.யும் கூடவே இறங்கும். மிஷினுக்குத் தனி லைன், கம்பெனி சொல்கிற தடிமனில் கேபிள் போடுங்கள். டியூபை மாற்றச் சொல்லி யாராவது பில் நீட்டினால் முதலில் லைனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சர்வே எப்படி நடக்கிறது என்பதையும் நேரில் நின்று பாருங்கள். நோயாளிக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய பெட்டியை டேபிளில் வைக்க வேண்டும், சிதறல் அதிலிருந்துதான் வரும். வெறும் டேபிளில் சுட்டு எடுத்த ரீடிங் அழகாக இருக்கும், பயன் இல்லை. சர்வே மீட்டர் பதில் சொல்லவும் நேரம் வேண்டும். 0.05 செகண்ட் எக்ஸ்போஷரில் முள் எழும்புவதற்குள் கதிர் நின்றுவிடும், ரிப்போர்ட்டில் பூஜ்யம் என்று எழுதிவிடுவார்கள். ஒரு செகண்ட் அளவுக்காவது கொடுக்க வேண்டும்.

ரீடிங்கை வாரக் கணக்காக மாற்றுவது எளிது. நாளைக்கு 40 படம், படத்துக்குச் சராசரி 30 எம்.ஏ.எஸ். (மில்லி ஆம்பியரைச் செகண்டால் பெருக்கியது) என்றால் நாளைக்கு 1,200. வாரம் ஆறு நாள், 7,200. அறுபதால் வகுத்தால் 120 மில்லி ஆம்பியர் நிமிடம். இதுதான் வார வேலைப்பளு. 100 மில்லி ஆம்பியரில் கதவுக்கு வெளியே மீட்டர் மணிக்கு 5 மில்லி ராண்ட்ஜன் (கதிரை அளக்கும் பழைய அலகு) காட்டுகிறது என்று வையுங்கள். 120-ஐ 5-ஆல் பெருக்கி, 60-ஆலும் 100-ஆலும் வகுத்தால் வாரத்துக்கு 0.1 மில்லி ராண்ட்ஜன். பொதுமக்கள் நிற்கும் இடத்துக்கு வாரத்துக்கு 2 வரை போகலாம், பணியாளர் இடத்துக்கு 40. ஆக அந்தக் கதவு நல்ல கதவு. அதே கதவின் ஓர இடுக்கில் 130 காட்டினால் கணக்கு 2.6-க்குப் போகும், கதவு தோற்றது. அதனால் கதவின் நடுவில் மட்டும் மீட்டரைப் பிடிக்கும் சர்வேயை ஏற்காதீர்கள். இடுக்கு, சாவித் துவாரம், அடிப்பக்கம், செஸ்ட் ஸ்டாண்டின் பின்சுவர், ஸ்விட்ச் பாக்ஸ், மாடித் தளம் எல்லாவற்றிலும் பிடிக்கச் சொல்லுங்கள்.

மாடியில் இருப்பவர்களின் பயத்துக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. டியூப் கீழே பார்த்தோ சுவரைப் பார்த்தோதான் சுடும். மேலே போவது சிதறல் மட்டும். நோயாளியின் உடலிலிருந்து சிதறி ஒரு மீட்டர் தள்ளி வருவது நேர்க்கதிரில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 கே.வி.யில் சுமார் 1.6 செ.மீ. கான்கிரீட் கதிரைப் பாதியாகக் குறைக்கும். 12 செ.மீ. தளத்தில் ஏழு தடவைக்கு மேல் பாதியாகி, நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மிஷினை அணைத்தால் கதிர் இல்லை. சுவரிலோ காற்றிலோ எதுவும் தங்காது. உண்மையில் கவலைப்பட வேண்டியது எக்ஸ்ரே ரூம் முதல் மாடியில் இருந்து, அதற்குக் கீழே ஆள் இருந்தால்தான். டேபிளில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் நேர்க்கதிர் கீழே போகிறது. உங்கள் ரூம் தரைத்தளத்தில் இருப்பது நல்லதாயிற்று. மாடி வீட்டாரை ஒரு நாள் அழைத்து, அவர்கள் வீட்டுக்குள்ளேயே மீட்டரை வைத்து எக்ஸ்போஷர் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள், பேச்சை விட அது எடுபடும்.

டெஸ்ட் ரிப்போர்ட், லேஅவுட், ஆட்கள் விவரம், ஆர்.எஸ்.ஓ., டி.எல்.டி. எல்லாம் சேர்ந்ததும் இ-லோராவில் விண்ணப்பம். கிடைக்கும் அனுமதி ஐந்து ஆண்டுக்கு. இடையில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், டியூப் அல்லது ஜெனரேட்டர் மாதிரி பெரிய ரிப்பேருக்குப் பிறகும் கியூ.ஏ. செய்ய வேண்டும். ரூமை மாற்றினாலும், பக்கத்து ரூமை வார்டாக்கினாலும் பழைய சர்வே செல்லாது. வாசலில் சிவப்பு விளக்கு, கதிர்வீச்சுச் சின்னம், கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை தமிழில். ஏப்ரன் குறைந்தது 0.25 மி.மீ. ஈயத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அதை மடித்து நாற்காலியில் போட்டால் உள்ளே வெடித்துவிடும், வெளியே தெரியாது. ஹேங்கரில் மாட்டி, வருடம் ஒருமுறை அதையே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் வெடிப்பு கோடு கோடாகத் தெரியும்.

"பக்கத்து ஊரில் இதெல்லாம் இல்லாமலே ஓட்டுகிறார்களே" என்று கேட்பீர்கள். ஓட்டுகிறார்கள்தான். 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, நாட்டில் இருந்த 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் 5,270 மட்டுமே வாரியத்தில் பதிவானவை என்று போட்டு உடைத்தது. அபராதத்தின் உச்சம் 500 ரூபாய் என்றும் அதே அறிக்கை குறிப்பிட்டது. மாநிலந்தோறும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்ககம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே சொல்லியும், அப்போது கேரளத்திலும் மிசோரத்திலும்தான் அது அமைந்திருந்தது. இன்னொரு பழைய குறை வாரியத்தின் சுதந்திரம் பற்றியது. உலைகளைக் கட்டும் துறையின் செயலரே அணுசக்தி ஆணையத்தின் தலைவர். வாரியம் இதுவரை பதில் சொல்லி வந்ததும் அந்த ஆணையத்துக்குத்தான். இதை மாற்ற 2011-இல் வந்த மசோதா காலாவதியானது. 2015-இல் வந்த சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வுக் குழுவும் சுதந்திரத்தைச் சட்டத்திலேயே எழுதச் சொன்னது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'சாந்தி' சட்டம் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தருகிறது. அது நடைமுறையில் எவ்வளவு அதிகாரம் கொடுக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மதிப்பிட வேண்டும். ஆனால் 2012-இன் நிலையை வைத்து இன்று கணக்குப் போடாதீர்கள். இ-லோரா வந்த பிறகு சப்ளையர் வழியாகவே மிஷின் எங்கே போனது என்பது தெரிகிறது. பதிவில்லாத நிலையங்களுக்கு வாரியம் சீல் வைத்தும் இருக்கிறது.

கடைசியாக, யாரும் கேட்காத விஷயம்: மிஷின் பழசானால் என்ன செய்வது? எக்ஸ்ரே மிஷினுக்குள் கதிரியக்கப் பொருள் கிடையாது. ஆகவே 2010-இல் டெல்லி மாயாபுரியில் நடந்தது போல இதில் நடக்காது. அங்கே டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை 1985 முதல் பயன்படுத்தாமல் வைத்திருந்த காமா செல் கருவியைப் பழைய இரும்போடு ஏலம் விட்டது. கடைக்காரர்கள் பிரித்தபோது கோபால்ட்-60 வெளியே வந்து ஒருவர் இறந்தார், ஏழு பேர் பாதிக்கப்பட்டனர். கதிரியக்க மூலம் உள்ள கருவியை, வாரியத்துக்குத் தெரிவித்துச் சப்ளையரிடமே திருப்ப வேண்டும் என்ற விதியின் அருமை அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. எக்ஸ்ரே மிஷினில் அந்த ஆபத்து இல்லாவிட்டாலும், அப்படியே காயலான் கடைக்குப் போட்டால் யாராவது எடுத்துத் தட்டிக்கொட்டிப் பதிவில்லாமல் ஓட்டுவார்கள். உங்கள் கணக்கிலோ அது இன்னும் உங்கள் மிஷினாகவே இருக்கும். டியூபை இனி இயங்காதபடி உடைத்து, போட்டோ எடுத்து, இ-லோராவில் டிகமிஷன் (மிஷினைக் கைவிடுவதற்கான) விண்ணப்பம் போட்டு, கணக்கிலிருந்து நீங்கியதைப் பார்த்த பிறகு இரும்பு வியாபாரியைக் கூப்பிடுங்கள்.